சிண்டிலேஷன் டிடெக்டரில் காமா அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிண்டிலேஷன் டிடெக்டர் என்பது காமா கதிர் பட்டால் ஒளிரும் படிகத்தைக் கொண்டு அந்தக் கதிரின் ஆற்றலை அளக்கும் கருவி. எந்த ஆற்றலில் எத்தனை காமா வந்தது என்ற வரைபடம்தான் ஸ்பெக்ட்ரம், ஒவ்வொரு காமாவும் அதில் ஓர் உச்சியாகத் தெரியும். புது டிடெக்டர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது ரெசல்யூஷன் (உச்சியின் அகலம் அதன் ஆற்றலில் எத்தனை சதவீதம் என்பது, குறைந்தால் நல்லது) எவ்வளவு என்றுதான். சீசியம்-137 தரும் 662 கேஇவி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலின் அலகு) உச்சியில் சோடியம் அயோடைடு படிகம் என்றால் சுமார் 7 சதவீதம், லாந்தனம் புரோமைடு என்றால் சுமார் 3 சதவீதம். சரி, அது தெரிய வேண்டியதுதான். ஆனால் நாள் முழுக்க ஓடும் பரிசோதனையில் தரவைக் கெடுப்பது பெரும்பாலும் கெயின் நகர்வு, அதாவது அதே ஆற்றலுக்கு டிடெக்டர் தரும் சிக்னலின் அளவு போகப் போக மாறுவது.

காலையில் ஒருமுறை கேலிப்ரேட் செய்துவிட்டு (எந்தச் சிக்னல் எந்த ஆற்றல் என்று பொருத்திவிட்டு) இரவில் எடுத்த தரவுக்கும் அதே எண்களைப் போடாதீர்கள். சோடியம் அயோடைடின் ஒளி அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம் மாறும்; ஏசி நின்று அறை 5 டிகிரி சூடானால் கோபால்ட்-60-இன் 1332 கேஇவி உச்சி 20 கேஇவி தள்ளிப் போயிருக்கும். படிகத்தின் ஒளியை மின்துடிப்பாக்கிப் பெருக்கும் குழாயான ஃபோட்டோமல்டிப்ளையர் இன்னும் மோசம், உயர் மின்னழுத்தம் 1 சதவீதம் மாறினால் கெயின் 7 சதவீதம் வரை மாறலாம். எண்ணிக்கை வேகம் (நொடிக்கு எத்தனை பதிவாகிறது என்பது) கூடினாலும் கெயின் நகரும் என்பதால், பீம் (பரிசோதனைக்கு வரும் துகள் கற்றை) இல்லாதபோது எடுத்த கேலிப்ரேஷன் பீம் வந்த பிறகு பொருந்தும் என்று நம்பக் கூடாது. தரவை அரைமணி நேரத் துண்டுகளாக வெட்டி, தெரிந்த ஓர் உச்சி ஒவ்வொரு துண்டிலும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சோடியம் அயோடைடுக்குப் பின்னணியில் இருக்கும் பொட்டாசியம்-40-இன் 1461 கேஇவி உச்சியே இதற்குப் போதும்.

லாந்தனம் புரோமைடில் மட்டும் இந்த வழி காலை வாரிவிடும். படிகத்துக்குள்ளேயே இயற்கையாக லாந்தனம்-138 இருக்கிறது, அது சிதையும்போது வரும் 1436 கேஇவி காமாவோடு பேரியத்தின் எக்ஸ் கதிரும் சேர்ந்து 1470-ஐ ஒட்டி ஓர் உச்சியாகத் தெரியும், பொட்டாசியம் உச்சி அதற்குள் புதைந்து கிடக்கும். இரண்டையும் பிரிக்கும் அளவுக்கு ரெசல்யூஷன் கிடையாது. அந்தக் கலவையை 1461 என்று குறித்துக்கொண்டால் கேலிப்ரேஷன் கோடே சாய்ந்துவிடும். படிகத்தில் கலந்திருக்கும் ஆக்டினியம்-227 தொடரின் ஆல்ஃபா துகள்கள் வேறு 1.6 முதல் 3 எம்இவி (ஓர் எம்இவி ஆயிரம் கேஇவி) வரை மேடு கட்டி நிற்கும். ஆகவே கோபால்ட்-60, யிட்ரியம்-88 போன்ற கதிர் மூலங்களை வைத்துக் கேலிப்ரேட் செய்யுங்கள், மூலம் எதுவும் இல்லாமல் எடுத்த தரவையும் மறக்காமல் கழியுங்கள்.

அப்புறம், இரண்டே புள்ளிகளை வைத்து நேர்கோடு போடுவது. லாந்தனம் புரோமைடு அதிக ஒளியைச் சில பத்து நானோ நொடிகளுக்குள் கொட்டிவிடும், மின்னழுத்தம் அதிகமாக இருந்தால் குழாய் திணறி உயர் ஆற்றல் உச்சிகள் கீழே அமுங்கும். அமுங்கும்போது உச்சியும் மெலிந்து தெரியும். அதனால் ரெசல்யூஷன் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் மின்னழுத்தத்தைக் குறைத்து, குறைந்தது நாலைந்து ஆற்றல்களில் நேர்கோட்டுத்தன்மையைச் சோதித்துப் பாருங்கள்.

எஃபிஷியன்சி (மூலம் விடும் காமாவில் எத்தனை பங்கு பதிவாகிறது என்பது) அளக்கும்போது மூலத்தை டிடெக்டரோடு ஒட்டி வைப்பவர்கள் கோபால்ட்-60 ஸ்பெக்ட்ரத்தில் 2505 கேஇவி பக்கம் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அங்கே உச்சி தெரிந்தால், 1173-உம் 1332-உம் ஒரே நேரத்தில் படிகத்துக்குள் விழுந்து கூடுகின்றன என்று அர்த்தம், அந்த எண்ணிக்கை இரண்டு உச்சிகளிலிருந்தும் போனதுதான். மூலத்தைத் தள்ளி வைத்து அளங்கள், முடியாவிட்டால் திருத்தம் போடுங்கள்.