சின்ன வீடியோ தொழிலுக்கு ஒரு பேக்கப் ஏற்பாடு: என் வீட்டில் இப்போது ஓடுவது இப்படித்தான்

சில வருடங்களுக்கு முன் ஒரு வைகாசியில், சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கோயிலில் கல்யாணம் எடுத்தேன். இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம். அடுத்த புதன்கிழமை டிஸ்கில் இடம் பற்றாமல் பழைய ஃபோல்டர்களை அழித்தபோது, அந்தக் கல்யாணத்தின் இரண்டாவது கேமரா ஃபோல்டரும் கைதவறிச் சேர்ந்து போய்விட்டது. இன்னொரு டிஸ்கில் இருக்கிறதே என்ற தைரியத்தில் அதைத் திறந்தேன். அங்கேயும் இல்லை. இரண்டு டிஸ்கும் எப்போதும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று ஒரு சிங்க் மென்பொருளைப் போட்டிருந்தேன். இங்கே அழித்ததை அது சில நொடிகளில் அங்கேயும் அழித்திருந்தது. கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அதற்கு முன்பே ஃபார்மட் செய்துவிட்டேன்.

மீட்பு மென்பொருளை ஓட்டி முக்கால்வாசி கிளிப்புகளை எடுத்தேன். தாலி கட்டும்போது பெண்ணின் அப்பா முகத்தில் வைத்திருந்த நீளமான ஷாட் மட்டும் கிடைக்கவே இல்லை. பெண்ணின் அம்மாவை நேரில் பார்த்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “தம்பி, அவர் கண்ணைத் துடைச்சப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க, நான் பார்த்தேனே” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு இது. ஓரிரு பேராக, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஒரு அறையில் வைத்துத் தொழில் செய்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபோல்டர் நகலெடுப்பது, டிஸ்கை ஃபார்மட் செய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் கணக்குப் போடுங்கள்

டிஸ்க் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் கேமரா 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவுசெய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். 200 மெகாபிட் என்றால் 90. நான் 25 ஃபிரேமில் எடுக்கிறேன்; ஸ்லோ மோஷன் வேண்டிய இடத்தில் மட்டும் 50. (சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30, 60 ஃபிரேமில் வைத்தால் மண்டபத்து விளக்குகள் சில சமயம் வீடியோவில் துடிக்கும். நிறையப் பேருக்கு இது இன்னும் தெரியவில்லை.)

என் கணக்கு: இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம், ஒரு கல்யாணத்துக்கு 450 ஜிகாபைட். வருடத்துக்கு இருபது கல்யாணம் என்றால் 9 டெராபைட். இது ஒரு பிரதிக்கு மட்டும். மூன்று பிரதி வேண்டும் என்பதால் இந்த எண்ணை மூன்றால் பெருக்கிய பிறகுதான் பட்ஜெட் பேச வேண்டும்.

எல்லாவற்றையும் காலத்துக்கும் வைத்திருக்கத் தேவையில்லை. நான் மூலக் காட்சிகளைப் படம் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதம் வைத்திருப்பேன். பிறகு முடிந்த படம், புராஜெக்ட் கோப்பு, பயன்படுத்திய கிளிப்புகள் மட்டும் தங்கும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி, வாயாலும் சொல்லிவிடுகிறேன். நம் 2012 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவை முடிந்த பிறகு தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அடையாளம் தெரியும் முகம் உள்ள வீடியோவும் தனிநபர் தரவுதான்.

படி 2: மூன்று பிரதிகள், எங்கே எங்கே

3-2-1 விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். என் வீட்டில் அது இப்படி இருக்கிறது. முதல் பிரதி மேசையில் இருக்கும் நாஸ் பெட்டியில் (டிஸ்குகளைப் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி). இரண்டாவது இழுப்பறையில் இருக்கும் யூஎஸ்பி டிஸ்கில். நகலெடுக்கும் நேரம் தவிர அதில் கேபிள் இருக்காது. மூன்றாவது ஜூரோங் வெஸ்ட்டில் அக்கா வீட்டில்.

நாஸில் இரண்டு டிஸ்கைக் கண்ணாடிபோல, எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும் ரெய்டு 1 முறையில் போட்டிருந்தாலும் அது ஒரே பிரதிதான். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது, அவ்வளவே. நீங்கள் தவறி அழித்தாலும், வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினாலும், இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் போய்விடும். கேபிள் கழற்றிய டிஸ்க் இதற்காகத்தான்.

அக்கா வீட்டுக்கு இரண்டு டிஸ்க் சுற்றில் இருக்கின்றன. ஞாயிறு சாப்பிடப் போகும்போது புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவேன். நம் ஊர் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல், அதனால் டிஸ்கை சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுகிறேன். எம்ஆர்டி ரயிலில் பையோடு தொலைந்துபோனால் யார் வீட்டுக் கல்யாணமோ யார் கைக்கோ போய்விடும். ஆகவே டிஸ்கை முழுதாக என்கிரிப்ட் செய்யாமல், அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டாமல், வெளியே எடுக்காதீர்கள். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் முறையில் பூட்டிய டிஸ்க். கடவுச்சொல் மறந்தால் திறக்க உதவும் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, டிஸ்க் இல்லாத வேறு இடத்தில் வையுங்கள்.

அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கப்போவது என்றால் எஸ்எஸ்டி வேண்டாம், சுழலும் ஹார்ட் டிஸ்கே போதும். எடிட்டுக்கு எஸ்எஸ்டி; சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க். மின்சாரம் இல்லாமல் நீண்ட நாள் கிடக்கும் எஸ்எஸ்டியை நான் நம்புவதில்லை.

படி 3: கல்யாண இரவு

கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வையுங்கள். பல கேமராக்களில் ஒன்று நிறைந்ததும் அடுத்ததுக்குத் தாவும் முறையும் இருக்கிறது. அதை வைத்துவிட்டு இரண்டு பிரதி இருக்கிறது என்று நம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கார்டை முழுதாக நகலெடுங்கள். கிளிப் ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போடாதீர்கள். சோனி கார்டில் பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள் கிளிப்போடு எக்ஸ்எம்எல் கோப்புகளும் இருக்கும், அவையும் வேண்டும். சாதாரணமாக இழுத்துப் போடும்போது போய்ச் சேர்ந்தது மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று கணினி திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. செக்சம் பார்க்கும் கருவி வேண்டும். செக்சம் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு பிட் மாறினாலும் ரேகை மாறிவிடும். விண்டோஸில் டெராகாப்பியில் சரிபார்ப்பை இயக்கிவிட்டால் போதும். டாவின்சி ரிசால்வ் எடிட் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது: மீடியா பக்கத்தில் இருக்கும் குளோன் டூல், இலவசப் பதிப்பிலேயே, ஒரே கார்டைப் பல இடங்களுக்குச் செக்சத்தோடு நகலெடுக்கும். காசு கொடுத்து வாங்கும் கருவிகள் அழகாக இருக்கின்றன. ஆனால் மாதம் இரண்டு கல்யாணம் எடுப்பவருக்கு குளோன் டூலே தாராளம்.

நகல் முடிந்த கார்டின் பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளி, சிவப்பு டப்பாவில் போடுகிறேன். அக்கா வீட்டுக்கு டிஸ்க் போய்ச் சேரும்வரை அந்தக் கார்டு ஃபார்மட் ஆகாது. இதற்கு இரண்டு வார இறுதிக்குப் போதுமான கார்டு வேண்டும். என் கணக்குக்கு 256 ஜிகாபைட் கார்டு எட்டு. செலவுதான். லென்ஸ் வாங்க வைத்திருந்த காசை நான் இதில் போட்டேன்.

படி 4: சிங்க் வேறு, பேக்கப் வேறு

நான் விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

சிங்க் என்றால் இரண்டு இடமும் எப்போதும் ஒன்றுபோல இருக்கும். இங்கே சேர்த்தால் அங்கே சேரும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டுப்போன கோப்பு அங்கேயும் கெட்டதாகவே போகும். பேக்கப் என்றால் நேற்று எப்படி இருந்தது, போன வாரம் எப்படி இருந்தது என்று திரும்பிப் போக முடிய வேண்டும். கடையில் கேட்டால் இரண்டையும் பேக்கப் என்றே சொல்வார்கள். மென்பொருளின் பெயரும் உதவாது.

ஆகவே பெயரைப் பார்க்காமல் சோதித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. ‘சோதனை’ என்று ஒரு சின்ன உரைக் கோப்பை உருவாக்கி, உள்ளே ‘ஒன்று’ என்று எழுதுங்கள். பேக்கப்பை ஓட்டுங்கள். கோப்பைத் திறந்து ‘ஒன்று’ என்பதை ‘இரண்டு’ என்று மாற்றி, மறுபடி ஓட்டுங்கள். பிறகு கோப்பையே அழித்துவிட்டு மூன்றாவது முறை ஓட்டுங்கள். இப்போது பேக்கப் டிஸ்கிலிருந்து ‘ஒன்று’ என்று எழுதிய பிரதியை உங்களால் வெளியே எடுக்க முடிகிறதா? முடிந்தால் அது பேக்கப். முடியாவிட்டால் நீங்கள் வைத்திருப்பது சிங்க். நான் இந்தச் சோதனையை அப்போதே செய்திருந்தால் அந்த அப்பாவின் முகம் இன்று அந்தப் படத்தில் இருந்திருக்கும்.

என் நாஸ் சைனாலஜி நிறுவனத்துடையது என்பதால் அதன் ஹைப்பர் பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். பழைய பதிப்புகளை எத்தனை வைத்திருக்க வேண்டும் என்று அதில் சொல்லலாம். நாஸ் இல்லாமல் இரண்டு யூஎஸ்பி டிஸ்கோடு ஆரம்பிப்பவர்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் நல்லது. பெயரில் சிங்க் இருந்தாலும், அழியும் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் பதிப்பாக எடுத்து வைக்கும் வசதி அதில் உண்டு. முதல் வேலையாக அதை இயக்குங்கள். கணினியில் இருக்கும் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டர்களும் சிங்க்தான். அழித்ததைக் கொஞ்ச நாள் குப்பைத் தொட்டியில் வைத்திருக்கும், பிறகு போய்விடும்.

தவறி அழித்துவிட்டால் அந்த டிஸ்கில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள், உடனே கழற்றிவிடுங்கள். நான் அழித்தது தெரியாமலே வேறொரு வேலையின் கோப்புகளை அதே டிஸ்கில் ஏற்றியிருந்தேன், கால்வாசி போனது அதனால்தான்.

படி 5: புராஜெக்ட் எங்கே இருக்கிறது?

பிரீமியர் மென்பொருளில் எடிட் செய்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். புராஜெக்ட் தனிக் கோப்பாகத்தான் இருக்கும், அதைக் காட்சிகளோடு வையுங்கள். ரிசால்வ் அப்படி இல்லை. உங்கள் எடிட் முழுவதும் ஒரு டேட்டாபேஸுக்குள், பெரும்பாலும் கணினியின் உள் டிஸ்கிலேயே இருக்கும். காட்சிகளை மூன்று இடத்தில் வைத்துவிட்டு, கணினி செத்தால் நாற்பது மணி நேர எடிட்டை இழந்து நிற்பீர்கள். புராஜெக்ட் மேனேஜரில் டேட்டாபேஸை அப்படியே பேக்கப் எடுக்கும் வழி இருக்கிறது. வாரம் ஒருமுறை எடுங்கள். படம் ஒப்படைக்கும் அன்று புராஜெக்ட்டை டிஆர்பி கோப்பாக ஏற்றுமதி செய்து காட்சிகள் இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். டைட்டிலுக்குப் பயன்படுத்திய தமிழ் எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் மணமக்கள் பெயர் கட்டம் கட்டமாக வந்தது எனக்கு.

படி 6: கிளவுட்

சிங்கப்பூரில் நமக்கு ஒரு வசதி, வீட்டு ஃபைபரில் ஏற்றும் வேகமும் நன்றாகவே இருக்கும். நொடிக்கு 300 மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் 450 ஜிகாபைட் மூன்று மணி நேரம் இருபது நிமிடத்தில் ஏறிவிடும். வைஃபையை நம்பாமல் கேபிள் போடுங்கள். இருந்தாலும் எல்லாவற்றையும் நான் ஏற்றுவதில்லை. ஒப்படைக்காத கல்யாணங்களின் மூலக் காட்சிகள், முடிந்த படங்கள், புராஜெக்ட் கோப்புகள், இவ்வளவுதான். எப்போதாவது மட்டும் எடுக்கும் கோப்புகளுக்கான, மிக மலிவான ஆர்க்கைவ் வகைச் சேமிப்பில் போடுவதற்கு முன், திரும்ப எடுக்க என்ன கட்டணம், எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அமேசானின் டீப் ஆர்க்கைவில் கோப்பு கைக்கு வர 12 மணி நேரம்வரை ஆகலாம், விலை குறைந்த முறையில் 48 மணி நேரம்வரை.

படி 7: ஆடியிலும் மார்கழியிலும்

நம் வீடுகளில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அந்த இரண்டு மாதமும் மீட்புச் சோதனைக்கு. என் மேசைக் கணினியும் நாஸும் இல்லை என்று வைத்துக்கொள்வேன். அக்கா வீட்டு டிஸ்கை எடுத்து, மடிக்கணினியில் செருகி, ஏதாவது ஒரு கல்யாணத்தைத் தேர்ந்தெடுத்து, புராஜெக்ட்டைத் திறந்து, காட்சிகளை இணைத்து, பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பேன். முதல் தடவை செய்தபோது படம் வந்தது, சத்தம் வரவில்லை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் வைத்த தனி ஆடியோ ரெக்கார்டரின் கோப்புகளை நான் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்து எடிட் செய்திருக்கிறேன். எந்தப் பேக்கப்பும் அந்த ஃபோல்டரைத் தொடவே இல்லை. இப்போது ஒரு கல்யாணத்துக்கு ஒரே ஃபோல்டர். கேமரா, ஆடியோ, பாட்டு, எழுத்துரு, புராஜெக்ட் எல்லாம் அதற்குள். வெளியே எதையும் வைத்து எடிட் செய்வதில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் மாட்டிக்கொண்டதாக எழுதினார்கள். ஒருவருக்குப் பழைய யூஎஸ்பி டிஸ்கில் பெரிய கிளிப் ஏறவே இல்லை. அது ஃபேட்32 அமைப்பில் இருந்த டிஸ்க். 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு அதில் போகாது. காலி செய்து வேறு அமைப்பில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும். இன்னொரு தங்கை பிட்லாக்கர் போட்ட டிஸ்கை மேக்கில் செருகித் திறக்க முடியாமல் பதறிவிட்டார். மேக் அதைத் தானாகத் திறக்காது, காட்சிகள் அப்படியே பத்திரமாகத்தான் இருக்கின்றன. விண்டோஸ் கணினி ஒன்றில் செருகிச் சாவியைப் போட்டால் திறக்கும். உங்களிடம் இரண்டு வகைக் கணினியும் இருந்தால், வெளியே வைக்கும் டிஸ்க் எந்தக் கணினியில் திறக்கும் என்பதையும் டப்பா மேல் தேதிக்குக் கீழே எழுதிவிடுங்கள். நான் நேற்றுதான் எழுதி ஒட்டினேன்.