விவரப்பட்டியலை இணையத்தில் தேட வைப்பது: ஏட்டம் மென்பொருளை நிறுவும் முறை

கொழும்பில் சுவடி வைத்திருக்கும் இடங்கள் பல. ரீட் அவெனியூவில் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. அதைத் தவிர, செட்டியார் தெருக் கோவில் நம்பிக்கைப் பொறுப்புகள், பழைய மாணவர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள் என்று அலுமாரி நிறையக் கோப்பு வைத்திருப்போர் ஏராளம். பெரும்பாலும் பட்டியலும் இருக்கும். ஆனால் அது யாரோ ஒருவரின் கணினியில் எக்செல் கோப்பாகவோ, தட்டச்சுத் தாளாகவோ கிடக்கும். சுவடித்துறையில் ‘ஃபைண்டிங் எய்ட்’ எனப்படும் அந்த விவரப்பட்டியலை, ஏட்டம் என்ற செலவில்லாத திறந்த மூல மென்பொருளால் இணையத்தில் தேடக்கூடியதாக்கும் வழி இங்கே. சேர்வர் வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும். பட்டியலில் உள்ள தமிழைச் சீர்செய்வதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே இந்தக் குறிப்பும் அங்கேதான் அதிகம் தங்கும்.

எதைத் தெரிவது

மூன்று பெயர்கள் அடிக்கடி அடிபடும். ஆர்க்லைட், சோலர் தேடுபொறியின் மேல் ஓடுவது. விவரப்பட்டியலுக்கென்றே உள்ள ஈஏடி வடிவ எக்ஸ்எம்எல் கோப்புகள் ஏற்கெனவே கையிலிருந்தால் அவற்றைத் தேடிக் காட்டும். பதிவு எழுதும் வசதி கிடையாது. ஆர்க்கைவ்ஸ்பேஸ் பதிவும் எழுதும், பொதுமக்களுக்கும் காட்டும். ஏட்டம், அதாவது ‘ஆக்ஸஸ் டு மெமரி’, சர்வதேச சுவடிகள் பேரவையின் முயற்சியில் தொடங்கியது. ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளிவருகிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பதிவில் வைக்க வேண்டிய நமக்கு ஏட்டமே பொருத்தம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு மூலமொழி இருக்கும், மற்ற மொழிகள் அதன் மொழிபெயர்ப்பாக ஒட்டிக்கொள்ளும். ஏட்டுக்கான மென்பொருளுக்கு இப்படியொரு பெயர் வாய்த்தது தற்செயல்தான்.

சேர்வர்

ஏட்டத்தின் ஆவணங்கள் கேட்கும் குறைந்தபட்ச அளவு: 2 மெய்நிகர் செயலி, 7 ஜிபி நினைவகம், 50 ஜிபி வட்டு, அதற்கு மேல் உங்கள் படங்களுக்கான இடம். மலிவென்று 2 ஜிபி சேர்வரை எடுத்தால் ஏட்டத்தின் தேடுபொறியான எலாஸ்டிக்சேர்ச்சுக்கு நினைவகம் போதாமல் இயங்குதளமே அதைக் கொன்றுவிடும். அப்போது தேடல் பக்கமும் பட்டியல் பக்கமும் 500 பிழை காட்டும். அலுவலக மூலையில் ஒரு கணினியை வைத்து ஓட்டுவதைவிட மாத வாடகைக்கு ஒரு மெய்நிகர் சேர்வர் எடுப்பது நல்லது. மின்வெட்டும் யூபிஎஸ் பட்டரியும் உங்கள் தலையிடியாக இராது.

உபுண்டு, எஞ்சின்எக்ஸ், பிஎச்பி, மைஎஸ்கியூஎல், எலாஸ்டிக்சேர்ச், கியர்மன், மெம்கேஷ்ட் ஆகியவை தேவை. ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணையும் நீங்கள் இறக்கும் ஏட்டப் பதிப்பின் நிறுவல் பக்கத்தில் பார்த்து, சொன்ன அதே எண்ணைப் போடுங்கள். ‘புதியது நல்லது’ என்ற பழக்கம் இங்கே உதவாது. எலாஸ்டிக்சேர்ச்சின் பெரும்பதிப்பு ஒன்று மாறினாலே ஏட்டம் அதோடு பேசாது. தரவுத்தளத்தை உருவாக்கும்போது எழுத்துக் குறியீட்டு முறை யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். நேர வலயம் ஏசியா/கொழும்பு.

முதலில் சொந்தக் கணினியில் டொக்கரில் ஏற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. லினக்ஸ் கேர்னலின் ‘விஎம் மேக்ஸ் மேப் கவுண்ட்’ மதிப்பை 262144 ஆக்காவிட்டால் எலாஸ்டிக்சேர்ச் தொடங்கிய உடனேயே நின்றுவிடும். ஏட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, எலாஸ்டிக்சேர்ச் எழுதும் லொக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள்.

நிறுவி முடிந்ததும் இந்த நான்கையும் தள்ளிப்போடாதீர்கள்:

• எலாஸ்டிக்சேர்ச்சின் 9200, மைஎஸ்கியூஎல்லின் 3306, கியர்மனின் 4730 ஆகிய துறைகளை (போர்ட்) வெளியிலிருந்து மூடுங்கள். திறந்துகிடக்கும் 9200ஐத் தேடி அலையும் தானியங்கிகள் தேடல் சுட்டியை (இண்டெக்ஸ்) அழித்துவிட்டுப் பணம் கேட்கும்.
• நிர்வாக அமைப்பில் தளத்தின் அடிப்படை முகவரி 127.0.0.1 என்றே இருக்கும். உங்கள் உண்மையான முகவரியைப் போடாவிட்டால், ஏற்றுமதியாகும் ஈஏடியிலும் பிடிஎஃப்பிலும் உள்ள இணைப்புகள் வாசிப்பவரை எங்கும் கொண்டு சேர்க்காது.
• மொழிகள் பகுதியில் தமிழையும் சிங்களத்தையும் சேர்த்து, உடனே ‘சேர்ச் பொப்யுலேட்’ கட்டளையால் சுட்டியை மீளக் கட்டுங்கள். பதிவைத் தமிழில் எழுதிவிட்டு இந்தப் படியை விட்டால், பதிவு கண்முன்னே இருக்கும், தேடினால் வராது.
• பின்னணி வேலைகளைச் செய்யும் ஏட்டத்தின் பணியாள் (‘வேர்க்கர்’) சேவையை, சேர்வர் மீளத் தொடங்கும்போது தானாக எழும்பும்படி இயலுமைப்படுத்துங்கள். அது ஓடாவிட்டால் இறக்குமதிகள் ‘நடக்கிறது’ என்ற நிலையிலேயே நிற்கும். ஆவணங்கள் தரும் அமைப்பின்படி, 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை விழுந்தால் அது பிறகு எழும்பாது. சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் ‘ரீசெட் ஃபெயில்ட்’ கட்டளையைக் கொடுத்த பின்புதான் மீண்டும் தொடங்கலாம்.

பாமினியிலிருந்து மீள்வது

இலங்கையில் 2000ஆம் ஆண்டுகளில் தட்டச்சிய பட்டியல் என்றால் அது அநேகமாகப் பாமினியில்தான் இருக்கும். பாமினி எழுத்துரு மட்டுமே. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துருவை மாற்றினால் தமிழாகாது, யூனிகோட் மாற்றி வழியாகத்தான் வர வேண்டும். அதை, ஏட்டத்தில் ஏற்றும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) ஆக்கும் முன்பே செய்யுங்கள், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி பயன்படுகிறது. லிப்ரே ஆபிஸ் சிஎஸ்வியைத் திறக்கும்போது அரைப்புள்ளியும் பிரிப்பானாகத் தெரிவாகியிருந்தால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் கலம் உடைந்து, வரி முழுதும் பக்கவாட்டில் ஓடிவிடும்.

இன்னொரு சிக்கல், ஒரே நிரலில் சில கலங்கள் பாமினியிலும் சில உண்மையான ஆங்கிலத்திலும் இருப்பது. முழு நிரலையும் மாற்றியில் போட்டால் ஆங்கிலப் பெயர்கள் அர்த்தமற்ற தமிழாகிவிடும். கலத்தின் எழுத்துருப் பெயரை வைத்து முதலில் வடிகட்டிப் பிரியுங்கள். இந்தத் தகவல் எக்செல் கோப்பில்தான் உண்டு, சிஎஸ்வியில் இல்லை. பாமினியில் செய்த பழைய பிடிஎஃப்களை ஏற்றுவோரும் கவனிக்க: ஏட்டம் பிடிஎஃப்பின் உரையையும் சுட்டியில் சேர்க்கும், அந்தக் குப்பையும் கூடவே சேரும்.

யூனிகோட்டுக்கு வந்த பின்னும் வேலை முடியவில்லை. ‘கொழும்பு’ என்ற சொல்லின் முதலெழுத்தை ஒற்றைக்கொம்பும் அரவும் ஒன்றாய் அமைந்த ஒரே குறியாலும் எழுதலாம், இரண்டு தனிக் குறிகளாலும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடுபொறிக்கு அவை இரண்டு சொற்கள். பைதனில் சில வரி எழுதி எல்லாக் கலங்களையும், ஒரே எழுத்தை ஒரே விதமாக வைக்கும் யூனிகோட்டின் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுவும் ஸ்ரீயைக் காப்பாற்றாது. ‘ஸ்’ஸில் தொடங்கும் ஸ்ரீயும் ‘ஶ்’ஷில் தொடங்கும் ஶ்ரீயும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் என்எஃப்சி அவற்றை ஒன்றாக்குவதில்லை. கோவில் பெயர்களில் பாதிக்கு ஸ்ரீ இருக்கும். ஒன்றைத் தெரிந்து மற்றதை மாற்றீடு செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகலக் குறிகளைத் துடைக்கும்போது தமிழ் நிரலில் மட்டும் துடைக்கவும். சிங்களத்தில் சில கூட்டெழுத்துகள் அந்தக் குறியால்தான் நிற்கின்றன, எடுத்தால் எழுத்தே உடைந்துபோகும்.

சிஎஸ்வி

ஏட்டத்தின் மாதிரிக் கோப்பை இறக்கி அதில் நிரப்புங்கள். தலைப்பு வரியிலுள்ள பெயர்கள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும், தமிழாக்கக் கூடாது. ‘லெகசி ஐடி’ நிரலில் ஒவ்வொரு வரிக்கும் தனி எண், ‘பேரண்ட் ஐடி’ நிரலில் தாய்ப் பதிவின் எண். தாய் வரி பிள்ளை வரிக்கு மேலே வர வேண்டும். தொகுதி, அதன் கீழ் வரிசை, அதன் கீழ் கோப்பு என்று இறங்குங்கள். படிநிலைச் சொல்லை எல்லா வரியிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ‘கோப்பு’ என்றும் ‘கோப்புகள்’ என்றும் எழுதினால் ஏட்டம் இரண்டாவதைப் புதிய படிநிலையாகவே உருவாக்கிவிடும். ‘கல்ச்சர்’ நிரலில் தமிழுக்கான ஈரெழுத்துக் குறியைப் போட மறந்தால் தமிழ்ப் பதிவு ஆங்கிலப் பதிவாகச் சேமிக்கப்படும். ஒரே கலத்தில் பல மதிப்புகளை நெட்டுக்கோட்டுக் குறியால் பிரிக்கவும்.

தேதிக்கு மூன்று நிரல்கள். ஒன்று வாசகர் காணும் வாசகம், மற்ற இரண்டும் தேடலுக்கான தொடக்கமும் முடிவும். கோவில் கணக்கேட்டில் ‘நந்தன வருடம் ஆவணி’ என்றிருந்தால் வாசகத்தில் அதையே விடுங்கள். தொடக்கம் 1952-08, முடிவு 1952-09 என்று தனியாக எழுதுங்கள். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் நந்தன 1892இலும் 2012இலும் கூட வரும். தாள், மை, கையொப்பமிட்டவர் பெயர் ஆகியவற்றைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். எக்செல் இந்தத் தேதிகளைத் தன் விருப்பப்படி திருத்திவிடும். லிப்ரே ஆபிஸில் நிரலை ‘உரை’ என்று அமைத்து, யூடிஎஃப்-8இல் சேமியுங்கள்.

முதல் இறக்குமதி 15 வரிக்கு மேல் வேண்டாம். ‘சோதனைத் தொகுதி’ என்றொரு தாய்ப் பதிவின் கீழே ஏற்றுங்கள். பிழை வந்தால் தாயை நீக்க, பிள்ளைகளும் சேர்ந்து போய்விடும். அதே கோப்பை இரண்டாம் முறை ஏற்றினால் ஏட்டம் இயல்பாகப் பழையதைத் திருத்தாது, புதிதாக இன்னொரு படியை உண்டாக்கும். இந்த ஒன்றைத் தெரியாமல் ஆயிரம் பதிவை இரண்டாயிரமாக்கியோர் நிறையப் பேர்.

தமிழில் தேடல்

சொல்லின் உருபைக் களைந்து தேட உதவும் எலாஸ்டிக்சேர்ச்சின் உள்ளமைந்த மொழிப் பகுப்பிகளில் இந்தியும் வங்காளமும் உண்டு, தமிழுக்கு இல்லை. அதனால் ‘மட்டக்களப்பு’ என்று தேடுபவருக்கு ‘மட்டக்களப்பில்’ உள்ள பதிவு வராது. கைவசமிருக்கும் மருந்து நட்சத்திரக்குறி. வேற்றுமை உருபு சேரும்போது எந்த எழுத்து மாறுகிறதோ, அதன் அகர வடிவத்தோடு (ஈற்றில் ‘ம்’ என்றால் அதை விட்டுவிட்டு) நிறுத்திக் குறியைப் போட வேண்டும்: மட்டக்களப்ப*, கொழும்ப*, யாழ்ப்பாண*. யூனிகோட்டில் ‘பு’ என்பது ‘ப’வும் உகரக்குறியும் என்பதால் இது வேலை செய்கிறது. முகப்புப் பக்கத்தில் இந்த உதாரணங்களையே இரண்டு வரியில் எழுதி வையுங்கள். வாசகர் தானாகக் கண்டுபிடிக்க மாட்டார்.

மறுபக்கத்தில், பட்டியல் எழுதுபவர் தலைப்பில் பெயர்களை உருபின்றி எழுதப் பழகினால் பாதித் தொல்லை தீரும். ‘கொட்டாஞ்சேனையில் நடந்த கூட்டக் குறிப்புகள்’ என்பதைவிட ‘கூட்டக் குறிப்பு, கொட்டாஞ்சேனை, 1952’ தேடலுக்கு உகந்தது. அழகு குறைவுதான். சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். ‘கூட்டக்குறிப்பு’ வேறு, ‘கூட்டக் குறிப்பு’ வேறு.

ஊர்ப் பெயர்களுக்கு இடப்பெயர்ச் சொற்றொகுதியில் ஒரு தலைச்சொல் வைத்து, மற்றப் பெயர்களை மாற்றுப்பெயராகக் கொடுங்கள். கொம்பனித்தெருவும் ஸ்லேவ் ஐலண்டும் ஒன்று, புறக்கோட்டையும் பெட்டாவும் ஒன்று, கறுவாத்தோட்டமும் சினமன் கார்டன்ஸும் ஒன்று. ஆங்கிலப் பதிவேடுகளில் தேடுவோர் பழைய பெயரையே அடிப்பார்கள். பொருளடக்கக் குறிப்பிலும் ஒருமுறை மாற்றுப்பெயரை எழுதிவிட்டால் தேடலில் நிச்சயம் அகப்படும்.

பிடிஎஃப்பில் # குறிகள்

ஏட்டம் ஒரு தொகுதியின் முழு விவரப்பட்டியலையும் பிடிஎஃப்பாகத் தயாரிக்கும். அதன் உள்ளே வேலை செய்வது அப்பாச்சி எஃப்ஓபி. அமைத்துள்ள எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் ஒரு # குறிதான் அச்சாகும். எழுத்துருவைப் பதிந்து பாணித்தாளைத் திருத்தலாம், ஆனால் ஒவ்வொரு மேம்படுத்தலின் பின்னும் திரும்பச் செய்ய வேண்டும். சுலபமான வழி, லிப்ரே ஆபிஸில் நோட்டோ தமிழ் எழுத்துருவோடு பட்டியலைத் தயாரித்து, தானாக உண்டாக்குவதற்குப் பதிலாக அதையே ஏற்றுவது. அந்த உரையும் தேடலில் சேரும்.

வெளியிடும் முன்

இறக்குமதியான பதிவுகளை வரைவு நிலையிலேயே வைத்திருந்து ஒருமுறை சலியுங்கள். அங்கத்தவர் பதிவேடுகளின் விவரத்தில் தேசிய அடையாள அட்டை எண்கள் ஒளிந்திருக்கும். பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது 12 இலக்கம். இந்த இரு வடிவங்களையும் சிஎஸ்வியிலேயே தேடி எடுத்துவிடலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நினைவில் இருக்கட்டும். எந்த அலுமாரி, எந்தப் பெட்டி என்ற இருப்பிட விவரத்தைப் பொதுமக்களுக்கு மறைக்கும் தெரிவும் நிர்வாகப் பக்கத்தில் உண்டு.

காப்புப்படிக்கு மூன்று போதும்: மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பதிவேற்றக் கோப்புறை, பதிவிறக்கக் கோப்புறை. தேடல் சுட்டியைக் காக்க வேண்டியதில்லை, மேற்சொன்ன கட்டளையால் மீளக் கட்டிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை அந்தப் படியை வேறொரு கணினியில் ஏற்றி, கொழும்ப* என்று தேடிப் பாருங்கள்.