பொட்டிக் ஹோட்டலின் ஸ்டேக் உணவகத்தில் சாப்பிடுவது எப்படி?

சில அறைகளே கொண்ட, தனிப்பாணியிலான சிறு ஹோட்டல்களான பொட்டிக் ஹோட்டல்களில் உணவுக்கூடம் சிறியது. இருக்கும் சில மேசைகளிலும் அங்கே தங்கியிருப்பவர்களுக்கே பல இடங்களில் முன்னுரிமை கிடைக்கும் என்பதால், வெளியிலிருந்து செல்பவர்கள் முன்பதிவு செய்துகொள்வதே நல்லது. ஒவ்வாமை இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஸ்டேக் என்பது தடித்த துண்டாக வெட்டிச் சுட்ட இறைச்சி, பெரும்பாலும் மாட்டிறைச்சி. மெனுவில் விலையைப் பார்ப்பதற்கு முன் இறைச்சி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பாருங்கள். முதுகெலும்பை ஒட்டிய உட்பகுதியான டெண்டர்லாயின் மிக மென்மையானது, ஆனால் கொழுப்பு குறைவானதால் சற்றே கூடுதலாக வெந்தாலும் வறண்டுவிடும்; விலாப் பகுதியிலிருந்து வெட்டும் ரிப்-ஐ துண்டிலோ கொழுப்பு இழை இழையாக ஓடியிருப்பதால் சாறும் சுவையும் நிறைந்திருக்கும். முதன்முறை சாப்பிடுபவருக்கு நான் ரிப்-ஐயையே பரிந்துரைப்பேன். மெனுவில் காணும் எடை பொதுவாகச் சமைப்பதற்கு முந்தைய எடை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது வேக்காடு. மீடியம் ரேர் என்றால் துண்டின் நடுப்பகுதி சுமார் 55 டிகிரி செல்சியஸில், வெதுவெதுப்பாகச் சிவந்திருக்கும். வெல் டன் என்றால் 70 டிகிரியைத் தாண்டி, சிவப்பே இராது. தட்டில் கசியும் செந்நீர் ரத்தமன்று, மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் கலந்த நீர். அதைக் கண்டு தயங்க வேண்டாம். ஆனால் கர்ப்பிணிகள் முழுமையாக வெந்ததையே கேட்க வேண்டும். எந்தப் பதம் என்று முடிவு செய்ய இயலாதபோது குறைந்த வேக்காட்டைச் சொல்லுங்கள். வேகாததை மீண்டும் வேகவைத்துத் தருவார்கள், அதிகம் வெந்ததை மீட்க வழியில்லை.

தட்டு வந்தவுடன் நடுவில் ஒருமுறை வெட்டிப் பதத்தைச் சரிபாருங்கள். பிறகு தசைநார்கள் ஓடும் திசைக்குக் குறுக்காக, ஒவ்வொரு வாய்க்கும் அவ்வப்போது வெட்டிக்கொள்ளுங்கள். முதல் துண்டைச் சாஸ் இல்லாமல் சுவைத்துப் பார்ப்பது அவசியம்.

பில்லை அறைக் கணக்கில் சேர்க்கச் சொல்வதாயிருந்தால், கையெழுத்திடும் முன் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.