ராஸ்பெர்ரி பையில் பழைய விளையாட்டுகள் மெதுவாக ஓடியதன் காரணம்

கொழிஞ்சாம்பாறை வீட்டில் ராஸ்பெர்ரி பை 3 என்னும் சிறு கணினிப் பலகையில், பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளை நிறுவியபின், நின்டெண்டோ காலத்து விளையாட்டுகள் யாவும் சற்று மந்தமாக ஓடின. இசையும் இடையிடையே கரகரத்தது. மெமரி கார்டை இருமுறை அழித்து எழுதினேன், 5.1 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர் வாங்கினேன், பழைய விளையாட்டுக் கருவியைப் போல நடிக்கும் நிரலான எமுலேட்டரை மாற்றினேன், செயலியின் வேகத்தைக் கூட்டினேன். நான்கு நாட்கள் வீணாயின.

பந்தய விளையாட்டொன்றின் திரையில் ஓடும் கடிகாரத்தைக் கைபேசியின் நிறுத்தக் கடிகாரத்தோடு என் தம்பி ஒப்பிட்டபோதுதான் பிடி கிடைத்தது: அதன் ஒரு நிமிடம் கடக்க 72 நொடிகள் ஆயின. நொடிக்கு 60 சட்டகங்கள் (படங்கள்) ஓட வேண்டியதை 50 ஆகக் குறைத்தால் வரும் கணக்கு இது. ரிமோட்டின் தகவல் பொத்தானை அழுத்தியதும் தொலைக்காட்சி 720, 50 ஹெர்ட்ஸ் என்று காட்டியது; அதாவது 720 வரிகள் கொண்ட படம், நொடிக்கு 50 முறை. நம் நாட்டு ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் வளர்ந்தது. இந்தப் பழைய தொலைக்காட்சியும் அதையே தன் விருப்பமாகப் பலகைக்குத் தெரிவித்திருந்தது. இந்த விளையாட்டுகளின் ஜப்பானிய, அமெரிக்கப் பதிப்புகளோ நொடிக்கு ஏறத்தாழ 60 சட்டகங்களை எதிர்பார்ப்பவை. திரையின் வேகத்தோடு இணைந்து ஓடும் எமுலேட்டர் அதற்கேற்ப மெதுவாகி, ஒலி போதாமல் கரகரத்திருக்கிறது.

மெமரி கார்டில் பலகை தொடங்கத் தேவையான பூட் பகுதியைக் கணினியில் திறந்து, அமைப்புகளைக் கொண்ட கான்ஃபிக் கோப்பில் எச்டிஎம்ஐ குரூப் 1 (hdmi_group=1) என்றும் எச்டிஎம்ஐ மோடு 4 (hdmi_mode=4) என்றும் எழுதினேன். மோடு 4 என்பது 720, 60 ஹெர்ட்ஸ். 19 என்று எழுதினால் அதே 720 மீண்டும் 50-க்குப் போய்விடும். மறுதொடக்கத்துக்குப் பின் 60 நொடிகள் 60 நொடிகளாகவே கடந்தன, கரகரப்பும் நின்றது, பெரும் நிம்மதி.