சைன் சார்பின் சமன்பாட்டை வாசித்தல்: கிளிநொச்சியின் பகல் நீளத்தைக் கொண்டு ஒரு செய்முறை விளக்கம்

சைன் சார்பொன்றின் வரைபை வரைவதற்கு முன்பே அதன் நடுக்கோடு (அலை ஏறி இறங்கும் நடு மட்டம்), வீச்சம் (நடுக்கோட்டிலிருந்து உச்சி வரையான உயரம்), ஆவர்த்தனம் (ஒரு முழு அலையின் நீளம்), பெயர்ச்சி (வரைபு இடமோ வலமோ நகர்ந்த அளவு) ஆகிய நான்கையும் சமன்பாட்டிலிருந்து எடுத்துவிடலாம். உதாரணத்துக்கு இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியை விட்டுப் போக வேண்டியதில்லை. கிளிநொச்சி ஏறத்தாழ வட அகலக்கோடு 9.4 பாகையில் இருப்பதால், அங்கே பகலின் நீளத்தை மணித்தியாலத்தில் அண்ணளவாக இவ்வாறு எழுதலாம்:

பகல் = 12.1 + 0.55 சைன்[(360/365)(நாள் − 80)]

சனவரி 1ஆம் திகதி நாள் 1 ஆகும். கோணம் பாகையில் உள்ளது.

படி 1: நடுக்கோடு. சைனுடன் பெருக்கப்படாமல் தனியே நிற்கும் 12.1 தான் அது. சூரியனின் மேல் விளிம்பு தெரியும் கணத்தையே உதயமாகக் கொள்வதாலும், வளிமண்டலம் ஒளியை முறிப்பதாலும் இந்த எண் சரியாக 12 ஆக அமைவதில்லை.

படி 2: வீச்சம். சைனின் குணகம் 0.55, அதாவது 33 நிமிடம். ஆகவே உயர்வுப் பெறுமானம் 12.65, இழிவுப் பெறுமானம் 11.55 மணித்தியாலம். குணகம் மறையாக இருந்தாலும் வீச்சம் நேராகவே எழுதப்படும். மறைக்குறி வரைபை நடுக்கோட்டில் தலைகீழாக்குமே தவிர வேறொன்றும் செய்யாது.

படி 3: ஆவர்த்தனம். 360ஐ மாறியின் குணகத்தால் வகுத்தால் 365 நாள் கிடைக்கும். கோணம் ஆரையனில் இருப்பின் 360க்குப் பதிலாக 2 பை வரும்.

படி 4: பெயர்ச்சி. மாணவர் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். அடைப்புக்குள் மாறியின் குணகம் ஏற்கெனவே வெளியே எடுக்கப்பட்டிருப்பதால், வரைபு 80 நாள் வலப்புறம் பெயர்ந்துள்ளது என நேரடியாக வாசிக்கலாம். நாள் 80 என்பது மார்ச் 21. அங்கிருந்து கால் ஆவர்த்தனம், அதாவது ஏறத்தாழ 91 நாள், கடந்தால் யூன் 20 அளவில் மிக நீண்ட பகல் வருகிறது.

ஆனால் வினாத்தாளில் குணகம் பெரும்பாலும் வெளியே எடுக்கப்பட்டிராது. பின்வருவதைப் பாருங்கள்:

ய = 5 − 2 சைன்(3த + 60°)

இடப்புறப் பெயர்ச்சி 60° என்று எழுதுவது பிழை. அடைப்பை 3(த + 20°) என மாற்றினால், வரைபு 20° மட்டுமே இடப்புறம் பெயர்வது தெரியும். நடுக்கோடு 5, வீச்சம் 2, ஆவர்த்தனம் 120°. குணகம் மறை என்பதால், சைன் −1 ஆகும் இடத்திலேயே உயர்வு கிடைக்கும்: 3த + 60° = 270° எனக் கொண்டால் த = 70°, ய = 7.