ஹாலர்: கத்தச் சொல்கிறார்களா, கூப்பிடச் சொல்கிறார்களா?

சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். அமெரிக்காவில் இருந்த மேலாளர் சாட்டில் எழுதினார்: 'இஃப் யூ கெட் ஸ்டக், கிவ் மீ எ ஹாலர்.' போனில் இருந்த அகராதிச் செயலி 'ஹாலர்' (holler) என்றால் 'கத்து, கூச்சலிடு' என்றது. கோபமாக இருக்கிறார் போல என்று இரண்டு நாள் எதையும் கேட்காமல் இருந்துவிட்டேன். வேலை அப்படியே நின்றது. உங்களுக்கு அது நடக்க வேண்டாம்.

படி 1: உச்சரிப்பு. 'டாலர்' என்பதில் 'டா'வை எடுத்துவிட்டு 'ஹா' போடுங்கள். சரி, முடிந்தது.

படி 2: வினைச்சொல்லாக வந்தால் உரக்கக் கத்துவதுதான். 'ஹாலர் அட்' என்றால் பெரும்பாலும் ஒருவர் மேல் எரிந்து விழுவது. 'ஹாலர் ஃபார் ஹெல்ப்' என்றால் உதவிக்குக் கூவுவது.

படி 3: நான் சறுக்கிய இடம் இது. முன்னால் 'கிவ்' வந்தால் சத்தமும் கோபமும் போய்விடும். எங்கள் கீழ்வீட்டு அக்கா குடத்தை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, "தண்ணி லாரி வந்தா ஒரு குரல் குடும்மா" என்பார். யாரும் தொண்டை கிழியக் கத்துவதில்லை. போன் அடித்தாலும் போதும். 'கிவ் மீ எ ஹாலர்' அச்சு அசலாக அதேதான். அடுத்த முறை பார்க்கும்போது 'ஒரு குரல் குடு' என்று படித்துப் பாருங்கள், பயம் வராது.

அமெரிக்காவில் வட கரோலினாவின் ஸ்பைவீஸ் கார்னரில் 1969 முதல் 2016 வரை உரக்கக் குரல் கொடுப்பதற்குப் போட்டியே நடந்தது. போன் இல்லாத காலத்தில் விவசாயிகள் வயலுக்கு வயல் இப்படித்தான் சேதி சொன்னார்கள். இதைப் படித்த பிறகுதான் இரண்டு பொருளும் எனக்கு ஒட்டின.

படி 4: டீம் சாட்டில் தாராளமாக எழுதலாம். கிளையண்ட் மெயிலில் வேண்டாம், அங்கே 'லெட் மீ நோ' போதும். லண்டன்காரர்கள் பெரும்பாலும் 'கிவ் மீ எ ஷவுட்' என்பார்கள். அதற்கும் பயப்பட வேண்டாம்.

ஆங்கிலம்-தமிழ்ச் செயலியை மட்டும் நம்பாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி இணையத்தில் இலவசம். 'இன்ஃபார்மல்' (பேச்சுவழக்கு) என்று சொல்லுக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பின்சேர்க்கை: 'அப் இன் தி ஹாலர்' என்றால் என்ன என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அது வேறு சொல். கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் சிறு பள்ளத்தாக்கைக் குறிக்கும் 'ஹாலோ'வை அப்படி உச்சரிப்பார்கள். பாடகி லொரெட்டா லின் வளர்ந்த கென்டக்கி ஊரும் புட்சர் ஹாலோதான்; ஊர்க்காரர்கள் வாயில் அது புட்சர் ஹாலர்.