சுவிட்சுடன் கூடிய எளிய மின்காந்தம்

1825இல் வில்லியம் ஸ்டர்ஜன் செய்த மின்காந்தத்தின் தத்துவத்தையே (கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது உள்ளே உள்ள இரும்பு காந்தமாகும்) பள்ளிச் செயல்திட்டத்திலும் பின்பற்றுகிறோம். சுமார் 10 செ.மீ. நீளமுள்ள இரும்பு ஆணியில், எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியை, இரு முனைகளிலும் ஒரு சாண் நீளம் விட்டு, ஒரே திசையில் நெருக்கமாக 100 சுற்றுகள் சுற்ற வேண்டும். இடையில் திசை மாறினால், எதிரெதிர்ச் சுற்றுகளின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று குறைத்துவிடும்.

அடுத்து, முனைகளில் உள்ள, மின்சாரத்தைக் கடத்தாத எனாமலை உப்புத்தாளால் செம்பு பளிச்சிடும் வரை தேய்த்து நீக்குங்கள். மாணவர்களின் கருவி இயங்காமல் போவதற்கு, நான் பார்த்தவரை, பெரும்பாலும் இந்தப் படியை அரைகுறையாகச் செய்வதே காரணம்.

சுவிட்சுக்கு, சிறு மரப்பலகையில் இரண்டு உலோக டிராயிங் பின்களைக் குத்தி, ஒன்றின் அடியில் ஜெம் கிளிப்பைச் சுழலும்படி மாட்டி, அது மற்றதைத் தொடும்போது மின்சுற்று மூடி மின்னோட்டம் பாயுமாறு அமைக்கலாம். 1.5 வோல்ட் மின்கலம், சுவிட்ச், கம்பிச்சுருள் ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

கம்பியின் மின்தடை மிகக் குறைவு என்பதால் மின்கலமும் கம்பியும் விரைவில் சூடேறும். ஆகவே ஒரு தடவைக்குச் சில நொடிகள் மட்டுமே சுவிட்சை மூடி, ஆணி தூக்கும் குண்டூசிகளை எண்ணுங்கள். பின்னர் 50 சுற்றுகளாகக் குறைத்து மீண்டும் எண்ணி, இரண்டையும் அட்டவணையில் குறியுங்கள்.